பொறிவண்டுக்கு டபுள் ஷிப்ட்

1. டெஸ்டிங் லேபிலிருந்து பூச்சி ரூமுக்கு

நான் பயந்த சுபாவக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதும் தெரியும். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுப் போனவள் கதவுவரை போய்த் திரும்பி வந்து மறுபடி பார்ப்பேன். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பூச்சி வளர்க்க வருவதற்கு முன் அதே ஷெட்டில் நான் துணி டெஸ்டிங் லேப் இன்சார்ஜ். துவைத்தால் பனியன் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா, உரசினால் நூல் திரளுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. தெற்கே கோவில்பட்டிப் பக்கம் விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணமாகித் திருப்பூர் வந்து, படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் ஒட்டும் உறவும் இல்லாமல் பாதி ஆயுளை ஓட்டியவள் நான்.

எங்கள் முதலாளி நாச்சிமுத்து பெருமாநல்லூரில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆர்டர் படுத்துவிட்டதும் மெஷின்களை விற்றார். ஷெட்டில் பாதியை அயர்னிங் யூனிட் நடத்துகிற ரஹீம் பாய்க்கு வாடகைக்கு விட்டார். மீதிப் பாதியில் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர், ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங் அம்மிணி, நீங்க பூச்சிப் படிப்புத்தானுங்களே படிச்சீங்க?”

“விலங்கியல் சார். பூச்சியும் அதுல வரும்.”

“அப்பறமென்னுங்க. நன்மை செய்யற பூச்சிய வளத்து விவசாயிகளுக்குக் குடுக்கலாம். நீங்க பாத்துக்குவீங்க.”

இன்டர்வியூ அத்துடன் முடிந்தது. பயிற்சிக்குப் போய்வந்தேன். லேப் கோட்டையே பூச்சி ரூமிலும் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் வளர்த்தது ஆஸ்திரேலியப் பொறிவண்டு. மிளகைவிடச் சிறியது. கருத்த முதுகு, ஆரஞ்சுத் தலை. மாவுப்பூச்சியைத் தின்பதைத் தவிர அதற்கு வேறு சோலி கிடையாது. செம்பருத்திக் குருத்தில் பஞ்சை ஒட்டவைத்ததுபோல் வெள்ளையாக அப்பிக்கிடக்குமே, அதுதான் மாவுப்பூச்சி. சாறு முழுவதையும் உறிஞ்சி, குருத்தை முறுக்கிச் செடியைக் கொன்றுவிடும். வண்டு வளர்க்க முதலில் மாவுப்பூச்சி வளர்க்க வேண்டும். எங்கள் ஊரில் மஞ்சள் பூசணி என்போம், இங்கே அரசாணிக்காய். அதன்மேல் மாவுப்பூச்சியை விட்டு, காய் முழுக்க வெள்ளை பிடித்ததும் கூண்டுக்குள் வைத்து வண்டை விடுவோம். வண்டு அந்தப் பஞ்சுக்குள் முட்டை போடும். முட்டை பொரிந்து வருகிற புழுவும் மாவுப்பூச்சியைத்தான் தின்னும். தின்று வளர்ந்து கூட்டுப்புழுவாகி, மறுபடி வண்டாகும்.

முதல் தடவை அந்தப் புழுவைப் பார்த்து அரண்டே போனேன். அதுவும் வெள்ளை. உடம்பு முழுக்க மெழுகுத் திரி திரியாக, அச்சு அசல் மாவுப்பூச்சி, ஆனால் அளவில் பெரியது. மாவுப்பூச்சிக்குத்தான் பேய் பிடித்துப் பெருத்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம்தான் வித்தியாசம் பிடிபட்டது. விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டால் மாவுப்பூச்சி கிடந்த இடத்திலேயே கிடக்கும். வண்டுப் புழு விறுவிறுவென்று ஓடும். ஓடினால் நம் ஆள்.

பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ரூம் இருபத்தேழு டிகிரியில் இருக்க வேண்டும். நமக்கு வெளியே வெயிலோ குளிரோ, உடம்புச் சூட்டை உடம்பே பார்த்துக்கொள்ளும். பூச்சிக்கு அந்த வசதி இல்லை. ரூமின் சூடுதான் அதன் சூடு. குளிர்ந்தால் தின்பது, வளர்வது, முட்டையிடுவது எல்லாம் மந்தமாகும். சூடு ஏறினால் எல்லாம் வேகம் பிடிக்கும். ஓர் எல்லைக்கு மேல் ஏறினால் என்ன ஆகும் என்பதைத்தான் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

2. ஸ்டீம் லைன்

அந்த மார்கழியில் இங்கே குளிர் கொஞ்சம் அதிகம். ஹீட்டர் வேலை செய்யவில்லை. ரூம் இருபதுக்கு இறங்கிவிட்டது. வழக்கமாக ஒரு மாதத்தில் முட்டையிலிருந்து வண்டாகிவிடும். அந்தத் தடவை புழுக்கள் மெல்ல மென்று, மெல்ல நகர்ந்து, கூட்டுப்புழு ஆவதற்கே மாசம் போய்விட்டது. தோட்டக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள்.

முதலாளி ரூமுக்குள் வந்து கூண்டுகளை ஒரு சுற்றுச் சுற்றினார். பனியன் கம்பெனி நடத்தியவருக்கு எதைப் பார்த்தாலும் ஷிப்மெண்ட்தான்.

“லீட் டைம் ரொம்ப இழுக்குதுங்களே அம்மிணி. சூடு ஏத்துனா சீக்கிரம் வளருமுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“வளரும் சார். அதுக்கும் ஒரு அளவிருக்கு.”

“அக்கட்ட பாய் பாய்லர் ஓடுதுங்க. ஒரு ஸ்டீம் லைன் இழுத்துப்போட்டாத் தீந்துச்சு.”

ரஹீம் பாய்க்கு இதில் விருப்பமில்லை. நல்ல மனுஷர். சுவரைக் காட்டிச் சொன்னார்: “லைன் குடுக்கறதுல எனக்கொண்ணும் இல்ல முதலாளி. ஆனா எனக்கு அவசர ஷிப்மெண்ட் வந்துட்டா எல்லா அயர்ன் டேபிளும் ஓடும். இந்தச் செவுரு கை வைக்க முடியாது. உங்க ஜீவனுங்களுக்கு ஆகுமா?”

“அதெல்லாம் வால்வு வெச்சுக்கலாம் பாய்” என்றார் முதலாளி. மறுநாளே சுவரில் ஓட்டை போட்டு இரும்புப் பைப் உள்ளே வந்துவிட்டது.

முதலில் நன்றாகத்தான் போனது. முப்பது டிகிரியில் வண்டுகள் மளமளவென்று வந்தன. முதலாளி வாயெல்லாம் பல். “பாத்தீங்களா? வண்டுக்கும் டபுள் ஷிப்ட் போட்டாச்சு!” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பிறகு முப்பத்திரண்டு. நான் வால்வை மூடுவேன்; அவர் வந்து திறப்பார். மாசி பிறந்து வெயில் ஏறியது. பாய்க்கும் ஷிப்மெண்ட் நெருக்கியது. மத்தியானத்தில் ரூம் முப்பத்தைந்தைத் தொட்டது. வண்டுகள் சற்றுச் சின்னதாக, ஆனால் படு சுறுசுறுப்பாக வந்தன. சண்டை போட்டுப் பார்த்தேன். “வண்டு வருதா இல்லீங்களா?” என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தார். வண்டு வரத்தான் செய்தது.

ஒன்றே ஒன்று மட்டும் என்னால் முடிந்தது. துணித் தொழிலில் இருந்தவர்களுக்கு கவுண்டர் சாம்பிள் என்றால் தெரியும். ஆர்டர் கொடுத்த பையர் ஓகே செய்த துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கவரில் போட்டு, சீல் வைத்து, தனியாக வைத்துவிடுவோம். ப்ரொடக்‌ஷன் எவ்வளவு தறிகெட்டுப் போனாலும் அதில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது. நாளைக்குத் தகராறு வந்தால் அதைத்தான் எடுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், சூடு முப்பதைத் தாண்டும் முன்பே ஒரு கூண்டு வண்டைத் தூக்கி, பழைய டெஸ்டிங் லேபின் ஏசி ரூமில் இருபத்தேழில் வைத்து, கதவில் ‘கவுண்டர் சாம்பிள்’ என்று எழுதி ஒட்டினேன்.

“பூச்சிக்கெல்லாம் ஒரு சாம்பிளா!” என்று முதலாளி சிரித்தார். ஆனால் பழகிய தொழிலின் மரியாதை அவருக்கும் உண்டு. அதைத் தொடவில்லை.

3. சுருங்கிய முட்டை

சேவூர் சரஸ்வதி, பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங்கில் இருந்தவள். வேலையை விட்டுவிட்டு, சொந்தத் தோட்டத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மல்பெரியில் மாவுப்பூச்சி விழுந்துவிட்டது. வேறு பயிர் என்றால் மருந்தடிக்கலாம். மல்பெரியில் மருந்தடித்தால் அந்த இலையைத் தின்கிற பட்டுப்புழு செத்துவிடும். முப்பத்தைந்து டிகிரியில் வளர்ந்த வண்டுகளில் முதல் பேட்சை நானே கொண்டுபோய் அவள் தோட்டத்தில் விட்டேன்.

“இதுங்க முட்டையிட்டுப் புழு வந்துட்டாப் போதும் சரசு, மாவுப்பூச்சிய ஒரு கை பாத்துரும். மருந்து பக்கம் போயிராத” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரிங்கக்கா” என்றாள். அந்த நம்பிக்கையில் அடுத்த வளர்ப்புக்கு இளம் பட்டுப்புழுக்களையும் வாங்கித் தன் ஷெட்டில் விட்டுவிட்டாள்.

வாரம் ஒன்று போனது. வண்டுப் புழு கண்ணில் படவில்லை என்றாள். பொறு என்றேன். இன்னும் சில நாள் போயிற்று. “குருத்தெல்லாம் முறுக்கிக்கிச்சுங்கக்கா” என்றாள். போனை வைத்துவிட்டுப் பூச்சி ரூமுக்கு ஓடினேன்.

சூடான ரூமிலிருந்து ஓர் அரசாணிக்காயை எடுத்து வந்து, துணி நூலை எண்ணுகிற என் பழைய லென்ஸை வைத்துப் பஞ்சைக் கீறிப் பார்த்தேன். வண்டின் முட்டைகள் இருந்தன. நிறையவே இருந்தன. மாவுப்பூச்சியின் முட்டைப் பொடிக்கு நடுவே வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் பெரிதாக. ஆனால் உருண்டு திரண்டிருக்க வேண்டியவை குழிவிழுந்து சுருங்கிக் கிடந்தன. அடுத்த காயைக் கீறினேன். அதிலும் அப்படியே. அதற்கடுத்த காயிலும். மேலே வண்டுகள் பாட்டுக்குத் தின்கின்றன, ஜோடி சேர்கின்றன, முட்டையிடுகின்றன. ஒரு முட்டையிலும் உயிரில்லை.

அந்த நேரம் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வண்டு செத்துக்கிடந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். இவை பார்க்க ஜோராக இருந்தன. சூடு அவற்றைச் சீக்கிரம் வளர்த்துவிட்டு, வம்சத்தைக் கருக்கிவிட்டிருந்தது. சேவூரில் நான் விட்டவையும் இவைதான். அவள் ஷெட்டில் பட்டுப்புழுக்கள் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தன. கடைசி வாரத்தில் அவற்றுக்குக் கூடை கூடையாக இலை வேண்டும். மருந்தடித்தால் புழு சாகும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது. வெளியில் வெயில் ஏற ஏற மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். அதுவும் சூட்டில் வேகமாகப் பெருகுகிற ஜாதி.

முதலாளியைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்தேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பொரிந்த முட்டையின் வெறும் ஓடு எப்படி இருக்கும் என்று ஏசி ரூம் காயிலிருந்து எடுத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்தில் வேர்த்தது.

“அத்தனையும் ரிஜெக்டுங்களா?” என்றார்.

“அத்தனையும் சார்.”

சுவரருகே போய் வால்வை அவரே மூடினார். மூடிய பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தச் சுவர் அப்போதும் சுட்டது.

4. சாம்பிளைத் தொட்டது

சேவூருக்குக் கொடுக்க எங்களிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு கூண்டுதான். அதுதான் எங்களுக்குத் தாய் வண்டும்கூட. மாசிக் கடைசி வெயிலில் தோட்டத்தில் விட்டு, அதுவும் வீணாகப் போனால் எங்கள் யூனிட்டை மூட வேண்டியதுதான். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் சரஸ்வதியின் தோட்டத்தை மூட வேண்டியதுதான்.  இதைச் செய்யலாம் என்று முதலாளியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

முதலாளி கூண்டை என் பக்கம் நகர்த்தினார். “பாதிய நிறுத்திக்குங்க. பாதிய எடுத்துக்குங்க. வண்டிய நான் ஓட்டறேன்” என்றார்.

ஐஸ்கிரீம் டப்பாக்களில் வண்டுகளைப் பிரித்தேன். வாயில் பனியன் துணியை இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். காரில் ஏறியதும் முதலாளி செய்த முதல் வேலை, ஏசியை இருபத்தேழில் வைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 

சரஸ்வதியிடம் நடந்ததைச் சொன்னோம். மழுப்பவில்லை. “சூட்டுல கெட்டுப்போன வண்டைக் குடுத்துட்டோமுங்க. தப்பு எங்களுது” என்றார் முதலாளி. அவள் திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே புழுக்கள் இலை தின்கிற சத்தம், தூறல் விழுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

“இந்த வாயுங்களுக்கு நா என்ன பதில் சொல்றதுங்கக்கா?” என்றாள்.

நல்ல வண்டுதான் என்றாலும் வெட்டவெளிச் சூட்டில் விட்டால் இதே கதி ஆகும். அதனால் கிணற்றை ஒட்டிய மேற்குப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். தண்ணீர் பாய்ச்சி, மண் குளிர்ந்து, வெயில் சாய்ந்த பிறகு, நடு வரிசைகளில் செடிக்கடியிலேயே வண்டுகளை விட்டேன். கிழக்குப் பாதியை அப்படியே விட வேண்டியதாயிற்று. அங்கே அப்பிக்கிடந்த வெள்ளையைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

5. தோட்டம் பூரா வெள்ளை

அடுத்த சில நாட்கள் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் சரஸ்வதியோ என்று பதறுவேன். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பதறுவேன். வீட்டுக்காரர் என் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பார்த்தார். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. சரஸ்வதியின் குரலில் உயிரே இல்லை.

“அக்கா, மேக்காலயும் போச்சுங்க. நேத்தைக்கு இல்லாத வெள்ளை இன்னைக்கு இலைக்கு இலை கெடக்குதுங்க. முன்னயவிடப் பெருசு பெருசா. கொழுந்தனாரு மருந்து டேங்க்கத் தூக்கிட்டு வந்துட்டாருங்க. மருந்தடிச்சுத் தோட்டத்தையாச்சும் காப்பாத்தலாம், புழுவக் குப்பையில கொட்டீரலாமுங்கறாரு.”

“சரசு, தொட்டுப் பாத்தியா? ஓடுதான்னு பாத்தியா?”

“மொதத் தடவையும் புழு வருமுன்னுதானுங்க சொன்னீங்க. எனக்குத் தொடவே பயமா இருக்குதுங்க.”

“நான் வாரேன். நான் வாரது வரைக்கும் அடிக்க விடாத!”

ஸ்கூட்டரில் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ‘பெருசு பெருசா’ என்று அவள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். நன்றாகத் தின்ற மாவுப்பூச்சியும் பெரிதாகத்தான் இருக்கும் என்று மனசு எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டே வந்தது.

வரப்பில் ஸ்பிரேயர் மாட்டிக்கொண்டு அவள் கொழுந்தனார் நின்றிருந்தார். டேங்கில் மருந்து கலக்கியாகிவிட்டது. வாசனை மூக்கில் ஏறியது. “வாங்க. உங்க பூச்சி ஒரு தோட்டத்தையே தின்னுபோட்டுச்சுங்க” என்றார். கோபப்பட எனக்கு நேரமில்லை. மேற்குப் பாதி வரிசைக்குள் நுழைந்தேன். அவள் சொன்னது உண்மை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. 

கிளையைத் தாழ்த்தி இலையைத் திருப்பினேன். முறுக்கிய குருத்துக்கடியில் வெள்ளைத் திரியோடு ஒன்று கிடந்தது. குச்சி எடுத்து வர மறந்திருந்தேன். ஒரு காய்ந்த காம்பை ஒடித்துத் தொட்டேன்.

அசையவில்லை.

இன்னொரு இலையைத் திருப்பினேன். கை ஆடிய ஆட்டத்தில் காம்பு அதன்மேல் படவே இல்லை. சரஸ்வதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகச் சேர்ந்து தொட்டோம்.

ஓடியது. இலை விளிம்புக்குப் போய், திரும்பி, நரம்போரமாக விறுவிறுவென்று ஓடியது. பக்கத்திலிருந்ததும் ஓடியது. முதலில் தொட்டதைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அது மாவுப்பூச்சிதான், பாதி தின்னப்பட்ட வெறும் தோல்.

“ஓடுது... அக்கா, ஓடுதுங்க! ஏனுங்க, அந்த டேங்க்கக் கீழ வையுங்க!” என்று கொழுந்தனாரைப் பார்த்துக் கத்தினாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான். கொழுந்தனார் டேங்கை இறக்கி வைத்துவிட்டு, யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாமே பிழைத்துவிடவில்லை. கிழக்குப் பாதியை அடியோடு வெட்டி எரிக்க வேண்டியிருந்தது. பட்டுப்புழுக்களில் ஒரு பகுதிக்கு இலை போதாமல் அவை கூடு கட்டவில்லை. மேற்குப் பாதி இலையில் மற்றவை கூடு கட்டின. சுவரில் இருந்த பைப்பை முதலாளி பிடுங்கி எறிந்தார்; ஓட்டையை ரஹீம் பாயே சிமெண்ட் வைத்து அடைத்தார். பாதிக் கூண்டிலிருந்து மறுபடி நாங்கள் தொடங்கினோம், இருபத்தேழு டிகிரியில், ஒரு மாதத்துக்கு ஒரு தலைமுறை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று என்னிடம் சொல்ல வராதீர்கள்.  முட்டை பொரிந்ததா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். ஒரு கூண்டு எப்போதும் தனியாக இருக்கட்டும்.

பங்குனி வந்தால் இன்றும் சேவூரிலிருந்து போன் வரும். பேர் தெரிந்ததுமே ‘ஓடுதா?’ என்று கேட்க வாயெடுப்பேன். அது அவளுக்கும் தெரியும். “அக்கா, தொட்டுப் பாத்துட்டனுங்க, ஓடுதுங்க” என்று முதலில் சொல்லிவிடுவாள். அதற்கப்புறம்தான் சாப்பிட்டீங்களா என்று கேட்பாள்.